மெத்தைக்கு மேலே எத்தனை இன்ச்?

சித்தி மகள் தாம்பரத்தில் ஒரு பிளாட்டுக்குக் குடிபோயிருக்கிறாள். போன வாரம் போன் பண்ணினாள்.

"அக்கா, இருக்கிற பாக்ஸ் கட்டிலுக்கு ஹெட்போர்டு மட்டும் தனியா செய்யச் சொல்லப்போறேன். என்ன சைஸ் சொல்லட்டும்?"

"கட்டில் என்ன அளவுடி?"

"குயின்."

"அது மெத்தையோட அளவு. நான் கட்டிலைக் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே? கார்ப்பென்டர் அண்ணன் குயின்னு சொன்னா போதும்னுட்டார்."

அவளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் கட்டைவிரல் வலித்தது, மீதியை இங்கே எழுதுகிறேன். என் அப்பா திருச்சியில் ரொம்ப வருஷம் மரச்சாமான் பட்டறை வைத்திருந்தவர். கட்டில், பீரோ, ஊஞ்சல் பலகை எல்லாம் இழைக்கிற சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். அதனால் தலைமாட்டுப் பலகையைப் பற்றி யாராவது கேட்டால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அகலத்தை முடித்துவிடலாம். அது சுலபம், ஆனால் எல்லோரும் அதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

நம் ஊரில் மெத்தைகள் பெரும்பாலும் இன்ச் கணக்கில் வருகின்றன. சிங்கிள் என்றால் 36 அகலம். டபுள் 48. குயின் 60. கிங் 72. நீளம் 72, 75, 78 என்று மூன்று விதமாக வரும். இதெல்லாம் மெத்தை. மெத்தை உட்காரும் கட்டிலுக்குச் சட்டம் உண்டு, அந்தச் சட்டத்துக்குக் கனம் உண்டு. 60 இன்ச் மெத்தை போடும் பாக்ஸ் கட்டிலை வெளிப்பக்கம் பிடித்து அளந்தால் 62, 63, சிலது 64 கூட இருக்கும். ஹெட்போர்டின் அகலம் இந்த வெளி அளவில் தொடங்க வேண்டும். "குயின்" என்ற ஒரு சொல்லை நம்பி 60 இன்ச்சுக்குப் பலகை அறுத்தால், கட்டிலின் இரண்டு ஓரமும் பலகைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அளவெடுக்காமல் தைத்த சட்டையை அடுத்தவனுக்குப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

வெளி அளவுக்குச் சமமாகவே விடலாம். பக்கத்துக்கு ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் கூடுதலாகவும் விடலாம். கூடுதலாக விட்டால் போர்வையும் மெத்தையும் சற்றுப் புடைத்திருந்தாலும் பலகை அதைவிட அகலமாகத் தெரியும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நம் வீடுகளில் பாதிப் பேர் கட்டிலை ஒரு பக்கச் சுவரை ஒட்டித் தள்ளித்தான் போடுகிறோம். குழந்தை உருண்டு விழக்கூடாது, நடக்க இடம் வேண்டும், காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அப்படிப் போடுகிற கட்டிலுக்குச் சுவர்ப் பக்கம் ஒரு நூல்கூட வெளியே நீட்டக் கூடாது. பலகை ஒன்றரை இன்ச் நீட்டிக்கொண்டிருந்தால் கட்டில் சுவரைத் தொடாது. அந்தச் சந்தில் தலையணை உறை, ரிமோட், பிள்ளையின் பென்சில் எல்லாம் போய்ச் சேரும். பாக்ஸ் கட்டிலை நகர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை எடுப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

இணையத்தில் படம் பார்த்து அளவு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் குயின் என்றால் 60-க்கு 80 இன்ச், கிங் என்றால் 76-க்கு 80. இங்கிலாந்தில் கிங் என்று சொல்வது 150 சென்டிமீட்டர் அகலம், அதாவது கிட்டத்தட்ட நம் குயின். ஒரே பெயர், மூன்று நாட்டில் மூன்று அளவு. சென்டிமீட்டரில் விற்கிற 180 அகலக் கட்டில் 71 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் நம் 72 இன்ச் மெத்தை உட்காராது. பெயரைச் சொல்லாதீர்கள், இன்ச்சைச் சொல்லுங்கள். அதையும் டேப் பிடித்து நீங்களே அளந்து சொல்லுங்கள்.

ஓட்டல் அறைகளில் பார்த்திருப்பீர்கள், கட்டிலைத் தாண்டி இரண்டு பக்கமும் உள்ள குட்டி மேஜைகளுக்குப் பின்னாலும் பலகை ஓடும். அழகுதான். கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 63 இன்ச் கட்டில், இரண்டு பக்கமும் 18 இன்ச் மேஜை, மொத்தம் 99. நம் பிளாட்டுகளில் படுக்கையறை பத்துக்குப் பத்து, பத்துக்குப் பதினொன்று. 120 இன்ச் சுவரில் 21 இன்ச்தான் மிச்சம். பீரோ எங்கே நிற்கும்? பெரிய அறை இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உயரம்.

ஹெட்போர்டு எவ்வளவு உயரம் என்று கேட்டால் கார்ப்பென்டர் சொல்லும் பதில் தரையிலிருந்து கணக்கு. "நாலடி வச்சுடலாம்மா." இந்த நாலடி எங்கிருந்து வந்தது தெரியுமா? பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி. ஷீட்டின் அகலத்தை அப்படியே உயரமாக வைத்துவிட்டால் ஒரு அறுப்பு மிச்சம். நீளவாக்கில் 63 இன்ச் வெட்டிக்கொண்டால் மீதி 33 இன்ச் துண்டு, அதில் இரண்டு பக்க மேஜைக்குப் பலகை ஆகும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான யோசனை. என் அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் அந்த 48 இன்ச்சுக்கும் உங்கள் கழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உங்களுக்கு வேண்டிய அளவு, மெத்தைக்கு மேலே எத்தனை இன்ச் பலகை தெரிகிறது என்பதுதான். தரையிலிருந்து அளப்பது அதற்குப் பிறகு.

பழைய கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கும் பலகை தரையிலிருந்து 18 இன்ச், அதன்மேல் தேங்காய்நார் மெத்தையோ இலவம்பஞ்சு மெத்தையோ ஒரு நாலு இன்ச். தலைமாடு 36, 38 இன்ச் இருந்தாலே மெத்தைக்கு மேலே ஒன்றரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அன்றைக்கு அது போதும். கட்டிலில் தூங்கினார்கள், விழித்ததும் எழுந்து போனார்கள். சாய்ந்து உட்காரத் திண்ணை இருந்தது, தூண் இருந்தது, தாத்தாவுக்கு ஈசிசேர் இருந்தது. தலைமாட்டுப் பலகையின் வேலை, தலையணை பின்னால் விழாமல் பார்த்துக்கொள்வது. சீர்வரிசைக் கட்டில்களில் கண்ணாடியும் மயிலும் தாமரையும் வைத்து உயரமாகச் செய்தார்கள் என்றால், அது ஊர்வலத்தில் பார்க்கிறவர்களுக்காக. சாய்கிறவர் முதுகுக்கும் அந்த மயிலுக்கும் எப்போதும் தகராறுதான். கொத்துகிற மாதிரியே இருக்கும்.

இப்போது கட்டிலில்தான் எல்லாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப், பிள்ளைகளுக்குப் பரீட்சைப் படிப்பு, காய்ச்சல் வந்தால் கஞ்சி. எல்லோரும் சாய்கிறோம். இதே காலத்தில் மெத்தையும் தடித்துவிட்டது. நாலு இன்ச் இருந்த இடத்தில் ஆறு, எட்டு, பத்து இன்ச் மெத்தைகள் வந்துவிட்டன. பழைய கட்டிலில் பத்து இன்ச் மெத்தையைப் போட்டவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். தலைமாட்டுப் பலகை காணாமல் போயிருக்கும். மெத்தை ஆறு இன்ச்சை விழுங்கிவிட்டது, மீதியைத் தலையணை மறைத்துவிட்டது. சாய்ந்தால் முதுகில் பலகையின் மேல் விளிம்பு உறுத்தும், தலை சுவரில் மோதும்.

அதனால்தான் முதலில் மெத்தையை வாங்கி வீட்டில் போட்டுவிட்டுப் பிறகு ஹெட்போர்டு அளவு எடுக்கச் சொல்கிறேன். மெத்தையை மாற்றும் எண்ணம் இருந்தால் மாற்றிவிட்டு அளவு எடுங்கள்.

எப்படி எடுப்பது? கட்டிலைச் சுவரோரம் தள்ளி, மெத்தைமேல் நீங்கள் எப்போதும் உட்கார்கிற மாதிரி உட்காருங்கள். நிமிர்ந்து உட்காராதீர்கள், டேப்பைப் பார்த்ததும் எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள். போன் பார்க்கிற சாய்வில் உட்காருங்கள். வேறொருவரைத் தோள் உயரத்திலும் பின்னந்தலை சுவரில் படுகிற இடத்திலும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நான் 5 அடி 3 இன்ச். எனக்குத் தோள் மெத்தையிலிருந்து 22 இன்ச் வாக்கில் வருகிறது, பின்னந்தலை 28-இல் படுகிறது. என் வீட்டுக்காரர் என்னைவிட அரையடி உயரம், அவருக்கு இரண்டும் இரண்டு மூன்று இன்ச் மேலே. வீட்டில் அதிகம் சாய்கிறவர் யாரோ அவர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது நான்தான்.

பென்சில்கூட வேண்டாம், சில வீடுகளில் சுவரே அளவு எடுத்து வைத்திருக்கும். கட்டிலுக்கு மேலே சுவரில் வட்டமாக ஒரு கறுப்புத் திட்டு இருக்குமே, தேங்காயெண்ணெய்க் கறை. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் தலை சாய்ந்து சாய்ந்து பதிந்தது. டிஸ்டெம்பர் அடித்த சுவர் என்றால் துடைக்கவும் முடியாது, துடைத்தால் சுண்ணாம்போடு வரும். அந்தத் திட்டின் மேல்விளிம்பு எங்கே முடிகிறதோ அதற்கு இரண்டு இன்ச் மேலே உங்கள் பலகை முடிய வேண்டும். கறை படிவது நிற்கும், பழைய கறையும் மறையும். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே இதை அளந்துவிடுங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் சொல்வது இது. மெத்தைக்கு மேலே 18 இன்ச்சுக்குக் குறைந்து பலகை தெரிந்தால் அதைச் செய்வதில் அர்த்தம் இல்லை. நம் ஊர்த் தலையணை பெரும்பாலும் 17-க்கு 27 இன்ச். அதை நிமிர்த்திச் சாய்த்து வைத்தாலே 17 இன்ச் மறைந்துவிடும். 22-லிருந்து 24 இருந்தால் தோள்வரை முதுகுக்குத் தாங்கல் கிடைக்கும். தலையையும் சாய்க்க வேண்டும் என்றால் 28, 30. அதற்கு மேலே போவது கண்ணுக்காக மட்டும்.

சித்தி மகள் கட்டிலுக்கு இந்தக் கணக்கைப் போட்டோம். பாக்ஸின் படுக்கும் பலகை தரையிலிருந்து 14 இன்ச், மெத்தை 8. மெத்தையின் மேற்பரப்பு 22. கார்ப்பென்டர் சொன்ன நாலடி வைத்தால் தெரிவது 26. அவளும் அவள் கணவரும் உட்கார்ந்து பார்த்ததில் தலை படுகிற இடம் 28-க்கும் 30-க்கும் நடுவே. ஆக 52 இன்ச் வேண்டும். ஷீட் நாலு இன்ச் போதவில்லை.

இங்கேதான் சுவரில் மாட்டுகிற பலகை கைகொடுக்கிறது. தரையிலிருந்து தொடங்குகிற பலகையில் கீழ்ப்பாதியை யாரும் பார்ப்பதே இல்லை. கட்டிலுக்குப் பின்னால் தூசி சேர்த்துக்கொண்டு நிற்கும். சுவரில் மாட்டினால் மெத்தையின் மேற்பரப்புக்கு ஐந்தாறு இன்ச் கீழே தொடங்கினால் போதும். 30 இன்ச் தெரிய வேண்டும் என்றால் பலகை 36 இன்ச்தான். அதே ஷீட்டில் ஒரு அடி மிச்சம். கீழே துடைப்பம் போகும். சுவரில் ஒரு சாய்வெட்டுக் கட்டையை அடித்து, பலகையின் பின்னால் அதற்கு எதிர்ச் சாய்வில் இன்னொரு கட்டையைத் திருகி, மேலிருந்து கொக்கி மாதிரி இறக்கிவிட்டால் சிக்கென்று நிற்கும். வேண்டும்போது தூக்கி எடுத்துவிடலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது கஷ்டம். ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிலோடு போல்ட் போட்டுத்தான் பொருத்த வேண்டும். அப்போது ரொம்ப உயரம் போகாதீர்கள். பலகை உயர உயர, சாய்கிறபோது அடியில் இருக்கும் போல்ட்டில் இழுப்பு அதிகமாகும். ஆறு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும், ராத்திரி புரண்டால் சுவரில் டொக் டொக் என்று இடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது தனிக் கவலை. 50 இன்ச்சைத் தாண்டினால் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு ரப்பர் துண்டாவது ஒட்டுங்கள்.

அடுத்து, சுவர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதை நம்பாதவர்கள் வீட்டிலும் அம்மாவோ மாமியாரோ நம்புவார்கள். ஆக, தலைமாடு தெற்கிலோ கிழக்கிலோதான். பிளாட் கட்டியவர் அந்தச் சுவரில் ஜன்னல் வைத்திருப்பார். ஜன்னலின் அடிக்கட்டை பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டரை, மூன்றடி. 48 இன்ச் பலகை வைத்தால் ஜன்னலின் கீழ் ஒரு அடியாவது மறைந்துவிடும். வெளிச்சம் போனால் போகட்டும். மழைச்சாரல் அடிக்கும்போது கதவை இழுத்துச் சாத்தக் கொக்கி எங்கே இருக்கிறது? கீழ்ச் சட்டத்தில். பலகைக்குப் பின்னால் கையை நுழைத்துத் தேட வேண்டும். ஜன்னலுக்கு அடியில் போடுகிற கட்டிலுக்கு உயரப் பலகை வேண்டாம் என்றே சொல்வேன். ஜன்னல் கட்டையோடு பலகையை நிறுத்திவிட்டு, சாய்வதற்குப் பெரிய தலையணை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். செலவும் குறைவு.

சுவிட்ச் போர்டு இன்னும் பெரிய தலைவலி. அறைக்குள் நுழைகிற இடத்தில் இருப்பது நாலு, நாலரை அடி உயரத்தில் இருக்கும், அது பிரச்சினை இல்லை. கட்டில் பக்கத்தில் போன் சார்ஜ் போடவும் விளக்கை அணைக்கவும் இரண்டு, இரண்டரை அடியில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். எலெக்ட்ரீஷியன் அதை வைத்தபோது கட்டில் எங்கே வரும், எவ்வளவு அகலம் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஐந்தடிக் கட்டிலுக்குச் சரியாக இருந்த பெட்டி, ஆறடிக் கட்டில் வந்ததும் பலகைக்குப் பின்னால் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குச் சீராக வந்த கட்டில் அப்படித்தான் நின்றது. கட்டிலை வாங்கியது பெண் வீடு, வேறு ஊர். மாப்பிள்ளை வீட்டு அறையின் அளவை யாரும் கேட்கவில்லை. சீர் கொடுக்கிற இடத்தில் அளவு கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார்கள் போல. மின்விசிறி சுவிட்சு பலகைக்குப் பின்னால். இரண்டு வருஷம் அவர்கள் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் படுத்தார்கள். தங்கம் எத்தனை சவரன் என்று கூசாமல் கேட்கிறவர்கள் அறை எத்தனை அடி என்று கேட்கத் தயங்குவது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பலகையில் சதுரமாக ஓட்டை வெட்டி சுவிட்சை வெளியே விடலாம் என்பார்கள். மைக்கா ஒட்டிய வெறும் பிளைவுட் என்றால் செய்யலாம், பெட்டியை முன்னால் இழுத்து ஒழுங்காகப் பொருத்துகிற எலெக்ட்ரீஷியன் வேண்டும். ஃபோம் வைத்து ரெக்சின் போர்த்திய பலகை என்றால் வேண்டவே வேண்டாம். சார்ஜர் சூடாகிற இடத்தில் பக்கத்திலேயே ஃபோம் இருப்பது நல்லதல்ல. பலகையின் ஓரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே மூன்று இன்ச்சாவது இருக்கட்டும், சார்ஜரின் உடம்பு அகலம் அவ்வளவு.

சுவர் ஓதம் காக்கிற சுவரா என்றும் பாருங்கள். படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை இருக்கிற வீடுகளில் அந்தப் பக்கச் சுவர் எப்போதும் கொஞ்சம் நசநசவென்றுதான் இருக்கும். தொட்டால் ஜில்லிடும் சுவரில் பிளைவுட்டை அப்பிவிடாதீர்கள். அரை இன்ச்சாவது இடைவெளி விடுங்கள். தரையோரம் நாலு இன்ச் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஓடுமே, அதுவே தரையில் நிற்கிற பலகையைச் சுவரைவிட்டு அரை இன்ச் தள்ளிவைத்துவிடும். மிச்சம் இருக்கிற சந்தில் போன் விழும், ஆனால் சுவர் மூச்சுவிடும். பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 303 முத்திரையில் எம்ஆர், பிடபிள்யூஆர் என்று இரண்டு ரகம் உண்டு, இரண்டாவதைக் கேளுங்கள். ஐஎஸ் 710 போட்ட மரைன் பிளைவுட் அதற்கும் மேல், ஆனால் ஹெட்போர்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல ஃபோமில் போடலாம்.

கனத்தையும் மறந்துவிடாதீர்கள். படத்தில் பார்க்கும்போது பலகையின் அகலமும் உயரமும் தெரியும், முன்னால் எவ்வளவு வருகிறது என்பது தெரியாது. ஃபோம் மெத்து வைத்த பலகை மூன்று, நாலு இன்ச். புத்தகம் வைக்கிற தட்டு உள்ள பலகை எட்டு, பத்து இன்ச். இது முழுக்க அறையின் நீளத்தில் கழியும். 78 இன்ச் மெத்தை, கட்டில் சட்டம், பத்து இன்ச் தட்டு, எல்லாம் சேர்ந்து 91, 92 ஆகிவிடும். பத்தடி அறையில் கால்மாட்டில் 28 இன்ச்தான் நடக்க. எதிரே பீரோ இருந்தால் கதவு திறக்கும்போது நீங்கள் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். தட்டு ஆசை எனக்கும் உண்டு, ஆனால் சின்ன அறையில் அதைப் பக்கச் சுவரில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்று, மெத்து கட்டிலின் உள்சட்டத்துக்குள் துருத்திக்கொண்டு வந்தால் மெத்தை அந்த அளவுக்குக் கால்மாட்டில் வெளியே தள்ளும். மெத்தின் முகப்பு உள்சட்டத்தோடு நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்று கார்ப்பென்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்யமாட்டார்கள் என்றில்லை, சொல்லிவிட்டால் நிம்மதி.

கட்டில் அளவு பற்றி யோசிக்கிறபோது எனக்கு எப்போதும் வராகமிகிரர் ஞாபகம் வருவார். 6ஆம் நூற்றாண்டுக்காரர், பிருஹத் சம்ஹிதையில் கட்டிலுக்கும் ஆசனத்துக்கும் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். சந்தனம், தேக்கு, சால் என்று எந்த மரம் நல்லது, இடி விழுந்த மரமும் பறவைக்கூடு இருந்த மரமும் ஏன் ஆகாது என்றெல்லாம் போகும். பிறகு நீளம். அரசனுக்கு 100 அங்குலம், இளவரசனுக்கு 90, அமைச்சருக்கு 84, சேனாதிபதிக்கு 78, புரோகிதருக்கு 72. இந்த அங்குலம் விரற்கடை, நம் இன்ச் இல்லை. ஒரு விரற்கடை முக்கால் இன்ச் என்று வைத்தால் அரசனின் கட்டில் 75 இன்ச், இன்று கடையில் கிடைக்கிற நடுத்தர நீளம். புரோகிதருக்கு 54 இன்ச்தான் வருகிறது. பாவம், முழங்காலை மடக்கித்தான் தூங்கியிருக்க வேண்டும். பதவிக்கு ஏற்ற அளவு என்பது அன்றிலிருந்து இருக்கிறது. இன்றைக்கு நாமும் பத்தடி அறையில் கிங் சைஸ் போட்டுவிட்டுக் கட்டிலைச் சுற்றிப் பக்கவாட்டில் நடக்கிறோம், பெயருக்காகத்தானே.

மெத்து வைப்பவர்களுக்குத் துணி விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு, அதுவும் அளவைத் தீர்மானிக்கும். ரெக்சினும் சோபாத் துணியும் பொதுவாக 54 இன்ச் அகலத்தில்தான் வரும். 63 இன்ச் பலகையை அந்த அகலத்தால் ஒரே துண்டாக மூட முடியாது. திருப்பிப் போட்டு நீளவாக்கில் மூடலாம், ஆனால் கோடு போட்ட துணியோ பூப்போட்ட துணியோ என்றால் படுத்துவிடும். அதனால்தான் கடைகளில் நெட்டுக்கு நெட்டாகப் பட்டை பட்டையாகத் தைத்த ஹெட்போர்டு இவ்வளவு பார்க்கிறீர்கள். அது வெறும் ஸ்டைல் இல்லை, துணி அகலத்துக்கு வந்த வழி. நீங்கள் செய்வித்தாலும் 63 இன்ச்சை ஏழு பட்டையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 9 இன்ச், சுத்தமாக வந்துவிடும். ஒரு பட்டை கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். பொத்தான் வைத்துக் குழி குழியாகச் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு குழியிலும் தூசி உட்காரும், வாராவாரம் பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைக்க யாருக்கு நேரம்?

மாடிப்படியை அளக்க மறக்காதீர்கள். பலகை பட்டறையில் செய்து வரப்போகிறது என்றால், 63-க்கு 52 இன்ச் துண்டு லிப்டுக்குள் நுழையுமா, படி திரும்புகிற இடத்தில் திரும்புமா என்று பார்த்துவிடுங்கள். அறைக் கதவு பிரச்சினை இருக்காது, பக்கவாட்டில் திருப்பினால் போய்விடும். படித் திருப்பம்தான் மாட்டிவிடும். சந்தேகமாக இருந்தால் நடுவில் இரண்டாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள். பட்டை பட்டையாகச் செய்தால் நடு இணைப்பு கண்ணுக்கே தெரியாது. வீடு மாறும்போதும் இது புண்ணியம்.

சித்தி மகள் கடைசியில் 64 இன்ச் அகலம், 36 இன்ச் உயரம், சுவரில் மாட்டுகிற மாதிரி, எட்டு பட்டை என்று முடிவு செய்தாள். சுவிட்ச் பெட்டிக்கு நாலு இன்ச் இடைவெளி கிடைத்தது. துணியா ரெக்சினா என்பதில்தான் இரண்டு நாள் பேச்சு. அவளுக்குத் துணி பிடித்திருந்தது. வீட்டில் மூன்று பேரும் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள், துணி ஆறு மாதத்தில் என்ன நிறத்துக்கு வரும் என்று கேட்டேன். ரெக்சின் துடைக்கச் சுலபம், ஆனால் நம் வெயிலுக்கும் எண்ணெய்க்கும் நாலைந்து வருஷத்தில் தலை படுகிற இடத்தில் தோல் உரியத் தொடங்கும். இரண்டுமே குறையுள்ளவை. ரெக்சினுக்குச் சம்மதித்தாள். வாங்கும்போதே ஒரு மீட்டர் அதிகமாக எடுத்துச் சுருட்டிக் கட்டிலுக்குள் போட்டுவைக்கச் சொன்னேன். மடித்தால் தழும்பு விழும், சுருட்டித்தான் வைக்க வேண்டும். நாலு வருஷம் கழித்து அதே நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது.